வீட்டைப் பூட்டாதே, விருந்தாளிக்குத் திற!

செட்டிநாட்டு ஊர்களுக்குப் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது பெரிய வாசல் கதவு. அடுத்துப் படுவது அந்தக் கதவில் தொங்கும் பெரிய பூட்டு!

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர், ஆத்தங்குடி... எந்த ஊருக்குப் போனாலும் இதே காட்சிதான். தெருவின் இரு பக்கமும் அரண்மனை போன்ற வீடுகள். ஆனால் பல வீடுகளில் ஆள் இல்லை. காவலுக்கு ஒருவர் இருப்பார். குடும்பத்தில் கலியாணம் வந்தால் பூட்டுத் திறக்கும். விசேஷம் முடிந்ததும் மறுபடியும் பூட்டு.

அந்தப் பூட்டுகளில் சில இப்போது நிரந்தரமாகத் திறந்துவிட்டன. உள்ளே கட்டில் போட்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து, பணம் கொடுத்துத் தங்குகிறார்கள். இரவு நல்ல தூக்கம். காலையில் சுடச்சுடப் பலகாரம். சில வீடுகள் பெரிய விடுதிகளாகவே மாறிவிட்டன. சில வீடுகளில் வீட்டுக்காரரே இருந்து விருந்தாளியைக் கவனிக்கிறார்.

இதைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கிறார்கள்.

"பாட்டன் கட்டிய வீட்டில் யார் யாரையோ படுக்க வைப்பதா? அதற்குக் காசு வேறு வாங்குவதா? குடும்ப கௌரவம் என்ன ஆவது?" என்று கேட்கிறார்கள்.

கேள்வி நியாயமானதுதான். ஆனால் பதில் என்ன? வீட்டில் விருந்தாளி தங்குவது கௌரவக் குறைச்சலா? அல்லது, அந்த வீடு கேட்பாரற்று இடிந்து விழுவது கௌரவக் குறைச்சலா? இதைக் கொஞ்சம் நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும்.

கடல் கடந்து வந்த செல்வம்

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ம் நூற்றாண்டின் பின்பாதியிலும், 20-ம் நூற்றாண்டின் முன்பாதியிலும் கட்டப்பட்டவை. கட்டியவர்கள் நகரத்தார் என்று சொல்லப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்.

அவர்கள் பர்மா, இலங்கை, மலாயா ஆகிய நாடுகளுக்குக் கப்பல் ஏறினார்கள். வட்டிக்குக் கடை வைத்தார்கள். பர்மாவில் ஐராவதி ஆற்றுச் சமவெளியில் நெல் பயிரிட்ட விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். சம்பாதித்த பணத்தைச் சொந்த ஊருக்குக் கொண்டுவந்து வீடு கட்டினார்கள்.

பர்மாவிலிருந்து தேக்கு வந்தது. இலங்கையிலிருந்து முதிரை மரம் வந்தது. இத்தாலியிலிருந்து சலவைக்கல் வந்தது. பெல்ஜியத்திலிருந்து கண்ணாடி வந்தது. ஜப்பானிலிருந்து பூ ஓடுகள் வந்தன.

ஆனால் வீட்டைக் கட்டிய கைகள் எங்கிருந்து வந்தன? கொத்தனார், தச்சர், ஸ்தபதி என்று எல்லாக் கைகளும் இந்த நாட்டுக் கைகளே! சுண்ணாம்பை அரைத்து, கடுக்காயும் வெல்லமும் சேர்த்து, கடைசிப் பூச்சுக்கு முட்டை வெள்ளைக் கருவும் கலந்து அவர்கள் பூசிய சுவர்கள் இன்றும் கண்ணாடி போல் பளபளக்கின்றன. கையால் தடவினால் பளிங்கைத் தடவுவது போல் இருக்கும்.

வீட்டின் அமைப்பும் தனி. முன் வாசல் ஒரு தெருவில் இருக்கும்; பின் வாசல் அடுத்த தெருவில் இருக்கும். முதலில் திண்ணையும் முகப்பும். அதற்குள்ளே வளவு. வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம். முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். அதற்கும் பின்னால் இரண்டாம் கட்டு, அடுப்படி, கிணறு. மழை பெய்தால் கூரைத் தண்ணீர் முற்றத்தில் கொட்டும். அதை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். தண்ணீர் கஷ்டம் உள்ள சீமை அது. ஒரு சொட்டையும் வீணாக்கமாட்டார்கள்.

மகனுக்குக் கலியாணம் ஆனால், வளவில் அவனுக்கு ஒரு பங்கு கொடுப்பார்கள். சில காலம் கழித்துப் புது மணமக்களை "வேறு வைப்பார்கள்". அதாவது, ஒரே கூரையின் கீழ் அவர்களுக்குத் தனிச் சமையல், தனிக் கணக்கு. கூட்டுக் குடும்பமும் குலையவில்லை. தனிக் குடித்தனமும் கெடவில்லை. அப்படி ஒரு ஏற்பாடு!

பூட்டு விழுந்தது எப்படி?

இவ்வளவு பெரிய வீடுகளில் ஏன் ஆள் இல்லை?

1930-ம் ஆண்டு வாக்கில் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்துவிட்டது. நெல் விலை சரிந்தது. பர்மா விவசாயிகளால் கடனைக் கட்ட முடியவில்லை. கடனுக்கு ஈடாக நிலங்கள் கைமாறின. சில ஆண்டுகளுக்குள், கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால் பங்கு விளைநிலம் செட்டியார்கள் பெயருக்கு வந்துவிட்டது. நிலத்தை இழந்த விவசாயிக்கு மனக் கசப்பு. பணத்தைக் கேட்டு நிலத்தைப் பெற்றவருக்கும் நிம்மதி இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ரொக்கம். கிடைத்தது விற்க முடியாத வயல்.

1942-ம் ஆண்டு ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. ஏராளமான இந்தியர்கள் கால்நடையாகவே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். 1948-ம் ஆண்டு பர்மா சுதந்திரம் அடைந்தது. நிலங்கள் நாட்டுடைமை ஆகத் தொடங்கின. 1962-ம் ஆண்டு ராணுவ ஆட்சி வந்தது. அடுத்த ஆண்டே வங்கிகளையும் அரசாங்கம் எடுத்துக்கொண்டது.

வருமானம் நின்றது. பிள்ளைகள் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனார்கள். பேரப் பிள்ளைகள் சிங்கப்பூருக்கும் அமெரிக்காவுக்கும் போனார்கள். வீடு மட்டும் எங்கேயும் போகவில்லை!

ஒரு வீடு, பல சொந்தக்காரர்கள்

பெரிய வீட்டில் பெரிய சிக்கலும் உண்டு. பாட்டனுக்கு நான்கு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்குப் பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளுக்குப் பிள்ளைகள். இன்று ஒரே வீட்டுக்குப் பல பங்காளிகள். ஒருவருக்கு ஒரு அறை. இன்னொருவருக்கு அறையில் பாதி!

மாடி ஒழுகுகிறது. யார் செலவு செய்வது? "என் அறை ஒழுகவில்லையே!" என்கிறார் ஒருவர். "நான் ஊரிலேயே இல்லையே!" என்கிறார் மற்றொருவர். இந்தப் பேச்சு முடிவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிடுகிறது.

உடைந்த ஒரு ஓட்டின் வழியாகத் தண்ணீர் இறங்குகிறது. தண்ணீர் பட்ட மரத்தில் கரையான் ஏறுகிறது. சுவர் வெடிப்பில் காக்கை போட்ட விதை ஆலங்கன்றாக முளைக்கிறது. அந்தக் கன்றை முளையிலே பிடுங்க ஒரு ஆள் போதும். ஐந்து வருஷம் கழித்துப் பிடுங்கினால் சுவரும் சேர்ந்து வரும்.

கடைசியில் என்ன நடக்கிறது? பங்காளிகள் ஒன்றுகூடி ஒரு முடிவுக்கு வருகிறார்கள். "இடித்து விற்றுவிடலாம்" என்பதே அந்த முடிவு! தேக்குத் தூண் ஒரு ஊருக்குப் போகிறது. சித்திரக் கதவு இன்னொரு ஊருக்குப் போகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் உள்ள பழம்பொருள் கடைகளைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். பாட்டி வைத்திருந்த அண்டா, தாத்தா உட்கார்ந்த நாற்காலி, சாமி படம், சீமைப் பீங்கான் எல்லாம் அங்கே விலைக்கு இருக்கின்றன.

வீடாக நின்றபோது அது ஒரு சரித்திரம். பிரித்து விற்ற பிறகு வெறும் விறகும் கல்லும்தான்.

ராஜா செய்ததில் தவறா?

வீட்டில் விருந்தாளியை வைப்பது கௌரவக் குறைச்சல் என்பவர்கள் ராஜஸ்தானத்தைப் பார்க்க வேண்டும். ஜெய்ப்பூர் மகாராஜா தாம் குடியிருந்த ராம்பாக் அரண்மனையை 1957-ம் ஆண்டு விடுதியாக மாற்றினார். உதயப்பூரில் ஏரியின் நடுவே இருக்கும் அரண்மனை 1963-ம் ஆண்டு விடுதி ஆயிற்று. ராஜ்யம் போன பிறகும் அந்த அரண்மனைகள் நிமிர்ந்து நிற்கின்றன. ராஜாவுக்கு வராத கௌரவக் குறைச்சல் மற்றவர்களுக்கு எப்படி வரும்?

செட்டிநாட்டிலும் சிலர் இந்த வழியில் துணிந்து இறங்கினார்கள். காரைக்குடியில் ஒரு குடும்பம் தன் பழைய பங்களாவில் விருந்தாளிகளுக்கு இடம் கொடுத்தது. வாழை இலைச் சாப்பாட்டால் அந்தப் பங்களாவின் பெயர் வெளிநாடு வரை பரவியது. கானாடுகாத்தானில் ஒரு தந்தை தம் மகள் விசாலாட்சிக்காகக் கட்டிய வீடு, இன்று "விசாலம்" என்ற பெயரிலேயே விடுதியாக இருக்கிறது. கோத்தமங்கலத்தில் பிரெஞ்சு நாட்டுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் ஒரு பழைய வீட்டைப் பழைய முறைப்படியே செப்பனிட்டு, தங்கும் விடுதி ஆக்கினார்கள். எங்கோ பிறந்தவர்களுக்கு அந்தச் சுவரின் அருமை தெரிந்திருக்கிறது!

2014-ம் ஆண்டு, உலகப் பாரம்பரியச் சின்னமாகக் கருதத் தக்க இடங்களின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களையும் யுனெஸ்கோ சேர்த்துக்கொண்டது. பெருமைதான். ஆனால் பட்டியலில் பெயர் இருந்தால் ஓட்டை அடையாது. ஓட்டையை அடைக்கக் கொத்தனார் வேண்டும். கொத்தனாருக்குக் கூலி வேண்டும். அந்தக் கூலி எங்கிருந்து வரும்? தங்க வருகிற விருந்தாளி கொடுக்கும் பணத்திலிருந்து வரலாம்.

சத்திரம் கட்டியவர்களுக்குத் தெரியாதா?

விருந்தினரைப் பேணுவது நகரத்தாருக்குப் புதிய பாடம் அல்ல. காசிக்குப் போகும் தமிழர்களுக்கு நகரத்தார் சத்திரத்தைத் தெரியும். இங்கிருந்து போனவர்கள் அங்கே சத்திரம் கட்டினார்கள். அந்தச் சத்திரத்திலிருந்து விசுவநாதர் கோவிலுக்குப் பூசைப் பொருள்கள் நாள்தோறும் போகின்றன. ராமேசுவரம் முதல் காசி வரை வழிப்போக்கர்களுக்குத் தங்க இடம் கொடுத்தவர்களின் சொந்த வீடுகள், தங்க ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கின்றன. இது விசித்திரம் அல்லவா?

"சத்திரத்தில் காசு வாங்கவில்லையே! இங்கே வாங்குகிறார்களே! விருந்தோம்பலை விற்கலாமா?" என்று கேட்கலாம். வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஒரு அதிகாரமே எழுதியிருக்கும் நாட்டில், இந்தக் கேள்வி வரத்தான் செய்யும்.

உண்மையை மறைக்க வேண்டாம். இது தருமம் அல்ல; தொழில். ஆனால் நேர்மையான தொழில். சத்திரத்துக்கு நிலமும் கட்டளையும் எழுதி வைத்தார்கள். அந்த வருமானத்தில் சத்திரம் நடந்தது. வீட்டுக்கு அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. அது தன் சாப்பாட்டைத் தானே சம்பாதித்தாக வேண்டும். காசு வாங்குவதில் தவறு இல்லை. காசு வாங்கிக்கொண்டு முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதுதான் தவறு.

எப்படி நடத்த வேண்டும்?

வீட்டில் விருந்தாளியைத் தங்க வைப்பதற்கு மத்திய அரசாங்கத்தின் சுற்றுலாத் துறை ஒரு திட்டம் வகுத்திருக்கிறது. வீட்டுக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒரு அறை முதல் ஆறு அறை வரை விருந்தாளிக்குக் கொடுக்கலாம் என்பது அந்தத் திட்டத்தின் சாரம். அருமையான யோசனை! வீட்டுக்காரர் இல்லாத வீடு வெறும் விடுதி. வீட்டுக்காரர் இருந்தால்தான் அது விருந்து வீடு.

அந்த ஏற்பாடு நன்றாக நடக்கச் சில காரியங்கள் அவசியம்.

முதலாவது, பங்காளிகள் எல்லோரும் எழுத்து மூலம் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். வரும் பணத்தில் முதல் பங்கு வீட்டுக்கு, மிச்சம்தான் மனிதர்களுக்கு. ஓடு, சுண்ணாம்பு, மரம் ஆகியவற்றுக்குப் போன பிறகுதான் பங்கு பிரிக்க வேண்டும். இந்த ஒரு விதி இருந்தால் பாதிச் சண்டை குறையும்.

இரண்டாவது, வேலை ஊர்க்காரர்களுக்குக் கிடைக்க வேண்டும். உடைந்த தரைக்கு ஆத்தங்குடிக் கல் இருக்கிறது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணச் சாந்தை ஊற்றி, சிமெண்டும் மணலும் போட்டுக் கையால் செய்கிறார்கள். சூளையில் சுடுவதில்லை; தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் உலர்த்துகிறார்கள். நடக்க நடக்கப் பளபளப்பு ஏறும் தரை அது! அதை விட்டுவிட்டு எங்கிருந்தோ வழுக்கும் தரைக்கல்லை வாங்கிப் பதிப்பது, பட்டுப் புடவைக்குக் காகித ஒட்டுப் போடுவதற்குச் சமம்.

மூன்றாவது, காலைப் பலகாரம். காரைக்குடிக்கு வந்தவருக்கு ரொட்டியும் ஜாமும் கொடுத்து அனுப்பலாமா? குழிப்பணியாரம், வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், பர்மாவிலிருந்து வந்து செட்டிநாட்டு அடுப்படியில் குடியேறிய கவுனி அரிசி... இவற்றைப் போட வேண்டும். வீட்டு ஆச்சி பக்கத்தில் நின்று, "இன்னும் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை எந்த நட்சத்திர ஓட்டலிலும் கிடைக்காது.

நான்காவது, வீட்டின் மரியாதை. முன்னோர்களுக்குப் படைப்புப் போடும் நாள் குடும்பத்துக்குச் சொந்தம். அன்றைக்கு அறையை வாடகைக்கு விட வேண்டியதில்லை. சாமி வீடு சாமி வீடாகவே இருக்கட்டும். அதைப் படம் பிடிக்கும் இடமாக ஆக்க வேண்டாம்.

ஐந்தாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கட்டணம். இன்று பல பெரிய விடுதிகளில் ஒரு இரவுக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகிறது. வெளிநாட்டுக்காரர் கொடுப்பார், ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் நான்கு பேர் உள்ள குடும்பத்தோடு போய்க் கொடுக்க முடியுமா? தமிழர் கட்டிய வீட்டைத் தமிழ்க் குழந்தைகள் சினிமாவில் மட்டும்தான் பார்க்க வேண்டுமா? குளிர் இயந்திரம் இல்லாத அறை ஒன்றிரண்டைக் குறைந்த கட்டணத்துக்கு ஒதுக்கலாம். தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள வீடுகள் அவை. முற்றத்துக் காற்றே பாதி வெப்பத்தைக் குறைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் வந்தால் வீட்டைச் சுற்றிக் காட்டலாம். அது நஷ்டம் அல்ல. நாளைக்கு வீட்டைக் காப்பவர்கள் அந்தப் பிள்ளைகளே!

விருந்தாளிக்கும் கடமை உண்டு

காசு கொடுத்துவிட்டோம் என்பதற்காக எதையும் செய்யலாம் என்று நினைக்கக் கூடாது. செருப்பை வாசலில் விட வேண்டும். தூணில் பெயர் கிறுக்கக் கூடாது. பூட்டிய அறையின் சாவித் துவாரம் வழியாக எட்டிப் பார்க்கக் கூடாது. இரவில் சத்தம் போட்டுத் தெருவை எழுப்பக் கூடாது. போகும்போது சமைத்தவருக்கும் பெருக்கியவருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

மதுரையிலிருந்தோ, திருச்சியிலிருந்தோ காரைக்குடி ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். காலையில் புறப்பட்டு, நாலு வீட்டை வெளியிலிருந்து பார்த்து, மத்தியானம் கோழிக் குழம்பு சாப்பிட்டு, மாலையில் திரும்புகிறவர்களே அதிகம். அது ஊரைப் பார்த்ததாகாது. ஒரு இரவு தங்க வேண்டும். பொழுது விடியும் நேரத்தில் முற்றத்தில் வெளிச்சம் இறங்குவதைப் பார்க்க வேண்டும். வண்ணக் கண்ணாடி வழியாக வெயில் தரையில் கோலம் போடுவதைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும். அப்போதுதான், வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல என்பது விளங்கும்.

எல்லா வீட்டுக்கும் ஆள் வருமா?

வராது. ஆயிரக்கணக்கான வீடுகள் இருக்கின்றன. அத்தனைக்கும் விருந்தாளி கிடைக்கமாட்டார். கோடைக் காலத்தில் கூட்டம் குறையும். ஆகவே, எல்லா வீட்டையும் விடுதி ஆக்குவதே வழி என்று சொல்வது தவறு. ஒரு வீடு விடுதி ஆகட்டும். இன்னொரு வீடு நூல்நிலையம் ஆகட்டும். மற்றொன்றில் கண்டாங்கிச் சேலைத் தறி ஓடட்டும். வேறொன்றில் பனை ஓலைக் கொட்டான் முடையும் பெண்கள் உட்காரட்டும். இன்னும் ஒன்றில், ஊரில் உள்ள வயதானவர்கள் மாலை நேரத்தில் கூடட்டும்.

எந்தக் காரியத்துக்காக வேண்டுமானாலும் இருக்கட்டும். கதவு திறக்க வேண்டும். அதுதான் முக்கியம்.

பாட்டன் அந்தக் கதவை இவ்வளவு அகலமாக வைத்தது ஏன்? பத்துப் பேர் சேர்ந்து உள்ளே வரட்டும் என்றுதான். திண்ணையை இவ்வளவு நீளமாகக் கட்டியது ஏன்? வழியோடு போகிறவர் உட்காரட்டும் என்றுதான். பூட்டிப் பாதுகாக்க நினைத்திருந்தால், அவர் ஒரு இரும்புப் பெட்டி வாங்கியிருப்பார், வீடு கட்டியிருக்கமாட்டார்.

பூட்டு திருடனைத் தடுக்கும். மழையைத் தடுக்காது; கரையானைத் தடுக்காது; ஆலங்கன்றைத் தடுக்காது. இவற்றைத் தடுக்க வீட்டில் மனிதர் புழங்க வேண்டும்.

அந்த மனிதர் சொந்தக்காரராக இருந்தால் சந்தோஷம். சொந்தக்காரர் வர முடியாவிட்டால், விருந்தாளியாவது வரட்டும்!